அப்பா இருக்கிற இடத்தில் கடல் உண்டா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளாலிக் கடலால் வந்த வாத்தியார் ஒருவர் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். ஒரு மூலை நனைந்து மை பரவியிருந்தாலும் எல்லாம் வாசிக்க முடிந்தது. என் முழங்கால் நோவைக் கேட்டிருந்தாய், கோழிகளைக் கேட்டிருந்தாய், தையல் வருகிறதா என்று கேட்டிருந்தாய். எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கின்றன. பிறகு கடைசி நாலு வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல, உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாய். "அம்மா, அப்பாவுக்குச் செய்யவேண்டிய காரியத்தைக் கொழும்பிலேயே செய்து முடிக்கட்டோ? ஓம் எண்டோ வேண்டாம் எண்டோ ஒரு சொல் எழுதி அனுப்புங்கோ." ஒரு சொல்லாம். ஒரு சொல்லில் சொல்லக்கூடிய விஷயமென்றால் நான் அதை எப்போதோ சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேனே, ராசா. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூப்பிடும்வரைக்கும் லொட்ஜில் உனக்கு வேறு வேலை இல்லை. கட்டிலில் சாய்ந்து ஆறுதலாக வாசி. எனக்கே என் பதில் என்னவென்று இன்னும் தெரியாது, எழுதிக்கொண்டு போகையில் தெரிந்தால் உண்டு.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இந்திய ஆமி வந்த வருடத்துக்கு முதல் வருடம் அப்பா தனியாகக் கடலுக்குப் போனார். கூடப் போகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். "இண்டைக்கு விடுங்கோவன்" என்று நான் சொன்னேன். "காத்து நல்லாயிருக்கு, டக்கெண்டு போட்டு வாறன்" என்றார். காற்று நல்லாய்த்தான் இருந்தது. புயல் இல்லை, மழை இல்லை, வெடிச் சத்தம்கூட இல்லை. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். பருத்தித்துறையிலிருந்து வள்ளங்கள் போய்த் தேடின. ஒரு பலகை இல்லை, ஒரு துண்டு வலை இல்லை. நீ அப்போது ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டு அழுததில்லை, ஏனென்றால் அழுவதற்கு எங்களிடம் செத்த ஆள் இல்லை. சிரித்ததும் குறைவு. ஊர்ச்சனத்துக்கும் என்னை எப்படி நடத்துவதென்று தெரியவில்லை. கலியாண வீடுகளில் குங்குமக் கிண்ணத்தை என்முன்னால் நீட்டும்போது கொஞ்சம் தயங்கி, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டுவார்கள்.

இப்போது நான் ஓம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று நீ யோசித்திருப்பாய். ஐயர் தர்ப்பைப் புல்லால் ஓர் உடம்பு கட்டித் தருவார். நீ அதற்குக் கொள்ளி வைப்பாய். ஒரு மாதம் இருந்து அந்தியேட்டிவரை செய்யவேண்டியதையெல்லாம் ஒரே நாளில் சுருக்கிச் செய்வார்கள். அதே நாளில் இங்கே நான் பொட்டை அழிக்கவேண்டும், தாலிக்கொடியைக் கழற்றவேண்டும். அதை யோசித்தபடியால்தான் கேள்வியைக் கடைசி நாலு வரிக்குள் ஒளித்துவைத்தாய் என்று நினைக்கிறேன். உன்னைப் பெற்றவள் நான், உன் கள்ளம் எனக்குத் தெரியாதா.

சரி, அப்பா எங்கே? இந்தக் கேள்வியை நான் யோசித்த அளவுக்கு எந்த ஐயரும் யோசித்திருக்கமாட்டார். எங்கள் கோயில் ஐயரிடம் ஒருமுறை போய்க் கேட்டேன். உயிர் பெருவிரல் அளவுக்குத்தான் இருக்குமாம். ஒரு வருடம் நடையாய் நடக்குமாம். வழியில் பசியும் தாகமும் இருக்கும், ஓர் ஆறு குறுக்கிடும், இங்கே மகன் கொடுப்பதுதான் அங்கே போய்ச் சேரும் என்றார். "குடுக்காட்டி, ஐயா?" என்று கேட்டேன். "அலையும்" என்றார். "எங்கை அலையும்?" "அதுக்கெண்டு ஒரு இடம் இல்லை அம்மா. இடம் இல்லாதபடியால்தானே அலையிறது." நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தப் பெருவிரல் கணக்குத்தான் மண்டைக்குள் நின்றது. வாசலில் குனிந்து வருகிற மனிசன் பெருவிரல் அளவுக்கு எப்படி அடங்குவார்? அவ்வளவு சின்னதாய்ப் போனால் காலில் தூண்டில் கிழித்த தழும்பு இருக்குமா, இல்லாமல் போகுமா? தழும்பு இல்லாவிட்டால் அவர்தான் என்று அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்து வீட்டு மேரியக்காவைக் கேட்டேன். அவர்களின் வேதத்தில் செத்தவர்கள் எல்லாரும் நித்திரையாம். கடைசியில் எக்காளம் ஊத எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்புவார்களாம். கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் "மேரியக்கா, எங்கடையவர் அப்பிடி நித்திரை கொள்ளுற ஆளில்லை" என்றேன். கரையில் படுத்தாலும் காற்றுப் பார்க்க எழும்பி எழும்பிப் போகிறவர். எக்காளம் ஊதுவதற்கு முன்பே நாலு பேரை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மேரியக்கா சிலுவை போட்டுக்கொண்டு, "உன்னோடை கதைக்கேலாதடி" என்று போய்விட்டா. உன் மாமாவுக்கோ இதெல்லாம் பகிடி. "கரண்ட் போனால் வெளிச்சம் எங்கை போனது எண்டு ஆரும் தேடுறதோ அக்கா? போனது போனதுதான்" என்றான். நான் விடவில்லை. "தேடுறந்தானேடா. முழு யாழ்ப்பாணமும் நாலு வருசமாய்த் தேடுது, எப்ப வரும் எண்டு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொல்வதுதான் சரியாக இருந்தால் எவ்வளவு லேசு என்று நினைத்தேன். பிறகு, அப்படியென்றால் நான் யாருக்குப் பொட்டு வைக்கிறேன் என்று நினைத்தேன்.

தையல் மெஷினில் கால் தன்பாட்டில் மிதிக்கும், மனம் தன்பாட்டில் போகும். அப்படித்தான் நான் அப்பாவுக்கு அந்தப் பக்கத்தில் ஓர் ஊர் கட்டத் தொடங்கினேன். முதல் கேள்வி, அங்கே கடல் உண்டா? கடல் இல்லாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் இருத்த எனக்கு மனம் வரவில்லை. மானிப்பாயில் கலியாண வீட்டுக்குப் போனாலே இரண்டாம் நாள் "இஞ்சை மூச்சு விடேலாமல் கிடக்கு" என்கிற ஆள். ஆகவே கடல் கொடுத்தேன். அலை இல்லாத, மீன் நிறைந்த கடல். பிறகுதான் யோசித்தேன், அங்கே பசி இல்லாவிட்டால் மீனை யார் தின்பது? தின்ன ஆளில்லாவிட்டால் அவர் ஏன் வலை போடவேண்டும்? வலை இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்க அவருக்கு விசரா? சரி, பசியும் இருக்கட்டும் என்று வைத்தால் இங்கே இருப்பதுபோலவே ஆகிவிடுகிறது. அதற்கு இங்கேயே இருந்திருக்கலாமே. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்பேன். மேரியக்காவின் சட்டைக்கு ஒரு கைக்குழியைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் வெட்டிவைத்தது இப்படியான ஒரு நாளில்தான். அவவிடம் கண் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. இந்த வருடங்களில் எவ்வளவு சனம் செத்துப்போனது. இவ்வளவு பேரும் ஒன்றாய்ப் போய் இறங்கினால் அங்கே எப்படிச் சமாளிப்பார்கள்? மண்ணெண்ணெய்க்கு நிற்பதுபோல வரிசையில் விடுவார்களா? பாஸ் கேட்பார்களா? யாராவது பொறுப்பு நிற்கவேண்டுமா? யாழ்ப்பாணத்தை விட்டு உன்னை வெளியே அனுப்புவதற்கு ஒரு பாஸ் எடுக்க நான் பட்ட பாட்டுக்கு, அங்கேயும் அப்படி என்றால் அப்பா வரிசையில் சண்டை பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பார். சுட்டவனும் சூடுபட்டவனும் ஒரே நாளில் போனால் ஒரே வரிசையிலா நிற்பார்கள்? என்ன பாஷை கதைப்பார்கள்? எண்பத்து மூன்றுக்கு முன்னம் அப்பா சீசனுக்குக் கிழக்குக் கரையில் மீன்வாடிக் கொட்டில் போட்டிருந்தபோது ஒரு சிங்களவரோடு சேர்ந்து தொழில் செய்தவர். கலவரத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரு செய்தியும் இல்லை. "அவன் பாவம், உயிரோடை இருக்கிறானோ தெரியாது" என்று சாப்பிடும்போது அப்பா அடிக்கடி சொல்வார். இப்போது அந்த மனிதர் எங்கேயோ உட்கார்ந்து அப்பாவைப் பற்றி இதையே கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. எந்தப் பக்கம் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

நீ சிரிப்பாய் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அப்பா போன வயதை நான் கடந்துவிட்டேன். தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, நீ போனபிறகுதான். அங்கே ஆட்கள் போன வயதிலேயே இருப்பார்கள் என்றால், நான் போய்ச் சேரும்போது அவர் கறுத்த மீசையோடு நிற்பார், நான் அவருடைய மூத்த அக்கா மாதிரிப் போய் இறங்குவேன். என்னை அடையாளம் தெரியாமல் "ஆரம்மா, எங்கையிருந்து வாறியள்?" என்று மரியாதையாகக் கேட்டாரென்றால் நான் அந்த இடத்திலேயே இன்னொருதரம் செத்துப்போவேன். அல்லது பழைய முகத்தைத் திருப்பித் தருவார்களா? தந்தால் எந்த முகம்? கலியாணப் படத்தில் இருக்கிற முகம் எனக்கே பிடிக்காது, பவுடர் அப்பி, பயந்து முழிசிக்கொண்டு இருக்கிறேன். அதற்குமேல் என் மாமியார் வேறு அங்கே முன்கூட்டியே போய் இருக்கிறா. இத்தனை வருடமும் மகனுக்குப் பக்கத்தில் இருந்து என்னைப் பற்றி என்னவெல்லாம் ஓதியிருப்பாவோ. நான் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து திருத்தவேண்டும்.

இதெல்லாம் அவர் அந்தப் பக்கம் போயிருந்தால். போகாவிட்டால்? இந்திய ஆமி போன காலத்தில் ஒருவர் கோடிக்கரையில் இருந்து வந்தாரே, நினைவிருக்கிறதா? இடது கைச் சின்னவிரல் பாதி இல்லாத ஓர் ஆளைக் கண்டதாகவும், அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்ததாகவும், யாரோடும் அதிகம் கதைப்பதில்லை என்றும் சொன்னார். அப்பாவின் விரல் எஞ்சினுக்குள் அகப்பட்டது ஊருக்கே தெரியும். நான் படம் கொடுத்துவிட்டேன். படமும் வரவில்லை, பதிலும் வரவில்லை, கொண்டுபோனவரும் வரவில்லை. அப்போது நான் நினைத்தேன், கோடிக்கரையில் இருந்தும் கடிதம் இல்லை, மேலுலகத்தில் இருந்தும் கடிதம் இல்லை, எனக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வித்தியாசம் இருந்தது. நீ வளர்ந்த பிள்ளை, உனக்கு ஒளிக்கத் தேவையில்லை. மேலுலகத்தில் அப்பாவுக்குச் சமைத்துப் போட ஒரு பொம்பிளையை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கோடிக்கரையில் நினைத்தேன். அவளுக்கு ஒரு முகம்கூடக் கொடுத்துவைத்தேன். அப்படியான நாட்களில், இதற்கு அந்த மனிசன் செத்தே போயிருக்கலாம் என்று வாய்க்குள் சொல்லியிருக்கிறேன். சொன்ன அடுத்த நாள் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவேன்.

ஆடி அமாவாசைகளைப் பற்றி நீயும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை. இனிக் கதைக்கலாம். தகப்பன் செத்தவர்கள் அன்றைக்குக் கடலில் முழுகி விரதம் இருந்து, மத்தியானம் காத்தோட்டிக்காய்க் கறியோடு சோறு தின்பார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை அந்த விரதம் பிடிக்கக் கூடாது, பிடித்தால் தகப்பனுக்குக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு சைவக்கார வீட்டிலும் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. நான் ஏற்றினேன். அப்பா போன முதல் வருடத்திலிருந்தே ஏற்றினேன். மேரியக்காவின் தம்பியிடம் முதல்நாளே சொல்லிவைத்து மீன் வாங்கி, புளி விட்டு, வெந்தயம் போட்டு, ஒழுங்கை முடியும்வரைக்கும் மணக்க மணக்கக் காய்ச்சினேன். என் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார் என்று நான் ஊருக்குச் சொன்ன விதம் அது. என் தகப்பனுக்கு உன் மாமா விரதம் இருக்கிறான், அது காணும் என்று இருந்தேன். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டேன்.

ஓர் ஆடி அமாவாசை, உனக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த வருடம். விடியவே எழும்பிப் போனவன் தலை ஈரமாக, நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு வந்து இருந்தாய். நான் சோற்றையும் மீன்குழம்பையும் போட்டு முன்னால் வைத்தேன். நீ தொடவில்லை. "ஏன் சாப்பிடேல்லை?" என்றேன். "விரதம்" என்றாய். "ஆருக்கு?" நீ சோற்றுக் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தாய். "ஆருக்கடா விரதம்? சொல்லு." என் கை ஓங்கியாகிவிட்டது. அப்போது நீ சொன்னாய், "அப்பப்பாவுக்கு, அம்மா. அப்பாதானே பிடிக்கிறவர். அவர் வருமட்டும் நான் பிடிக்கிறன்." ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமயிரை முடிந்துகொண்டேன். மீன்சட்டியை மூடினேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படலையில் போய் நின்று, "காத்தோட்டிக்காய் கொஞ்சம் இருந்தால் தாங்கோ" என்று கேட்டேன். மீன் மணத்தோடு நின்ற என்னை அந்த மனிசி மேலும் கீழும் பார்த்தா, ஆனால் கிண்ணம் நிறையத் தந்தா. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு சட்டி. உனக்குக் காத்தோட்டிக்காய், எனக்கு மீன். முகத்தோடு முகம் பார்க்காமல் சாப்பிட்டு எழும்பினோம். அப்பப்பாவுக்குப் பேரன் விரதம் பிடிப்பதில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரின் முகத்தைக்கூட நீ கண்டதில்லை. ஆனாலும் அந்தப் பொய்யை நீ சொன்ன நேரத்தில் எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. கறி அடிப்பிடிக்கப்போகிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் பயணம் தள்ளித் தள்ளிப் போவதற்கு அப்பாவுக்குக் காரியம் செய்யாததுதான் காரணம் என்று கொழும்பில் யாரோ ஓர் ஐயர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை நான் ஒரு சதத்துக்கும் நம்பவில்லை. உன் கொப்பர் ஆட்களின் வழியை மறிக்கிற ஆளில்லை. உன் வழியை மறிக்கிறவன் அந்த ஏஜென்சிக்காரன், அவனைப் போய்ப் பிடி. ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாய், அப்பா கனவில் வந்து தண்ணீர் கேட்டார் என்று. அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் என் கனவில் அவர் ஒருநாள் வந்தாரா? வரவில்லை. உன்னிடம் வந்து கேட்டிருக்கிறார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று. மாமாவிடம் சொன்னேன். "லொட்ஜ் அறையிலை வெக்கை, தம்பிக்குத்தான் தாகம், அதுதான் அப்பிடிக் கனவு" என்றான். இருக்கலாம். ஆனால் சுற்றிவர உப்புத் தண்ணீர் இருக்க, குடிக்க ஒரு மிடறு இல்லாமல் அவர் நிற்பதுபோல எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. உண்மையிலேயே அவர் தாகத்தோடு நிற்க, என் பொட்டுக்காக நான் அந்தத் தண்ணீரை மறித்துக்கொண்டு இருக்கிறேன் என்றால் நான் என்ன பெண்சாதி? அவர் கோடிக்கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்க, அவர் பெயரைச் சொல்லிப் புல்லைக் கொளுத்த நான் மகனை ஏவிவிட்டேன் என்றால் அப்போதும் நான் என்ன பெண்சாதி? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத்தான் அடி.

பொறுக்கமுடியாமல் திரும்பவும் ஐயரிடம் போனேன். "ஐயா, எல்லாம் செய்து முடிச்ச பிறகு ஆள் வந்து நிண்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அவர் திகைப்பார் என்று நினைத்தேன். திகைக்கவில்லை. அதற்கும் முறை இருக்கிறதாம். காரியம் முடிந்த ஆள் திரும்பி வந்தால், அவர் புதிதாய்ப் பிறந்ததாகக் கணக்கு. குழந்தைக்குச் செய்வதுபோலத் தலைக்கு வார்த்து, பெயர் வைத்து, ஒவ்வொரு சடங்காய்ச் செய்துகொண்டு வரவேண்டுமாம். "கடைசியிலை, அம்மா, அவர் திரும்ப உங்களுக்கே தாலி கட்டவேணும்" என்றார். "இந்தப் பல்லோடை எனக்குக் கலியாணமோ ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த மீசைக்கார மனிசனுக்குக் காதுகுத்தி, சோறு தீத்தி, பெயர் வைப்பதை நினைக்க நினைக்க வீதியிலும் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பே அழுகையாய் மாறிவிட்டது. வாய்விட்டு அழுதேன், தம்பி. இவ்வளவு காலத்தில் முதல்தரம். செல் குண்டு விழுந்துவிட்டதாக்கும் என்று மேரியக்கா ஓடி வந்தா. நான் என்ன என்று சொல்ல? செத்தவருக்கு அழுகிறேன் என்று சொல்லவும் தெரியவில்லை, கலியாணத்துக்கு அழுகிறேன் என்று சொல்லவும் தெரியவில்லை. அவ என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

இவ்வளவும் எழுதியபிறகும் எனக்கு ஒன்றும் தெளியவில்லை. அப்பா இருக்கிற இடத்தில் கடல் இருக்கிறதா இல்லையா, அவர் பெருவிரல் அளவா ஆள் அளவா, நித்திரையா அலைச்சலா, ஒன்றும் தெரியாது. அவர் தண்ணீர் கேட்டார் என்பது மட்டும்தான் தெரியும். தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல என்னால் ஏலாது.

ஆகவே, ஓம். செய். நல்ல ஐயராகப் பார்த்துப் பிடி, அவசரப்படுகிறவர் வேண்டாம். எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு எள்ளு வாயில் வைக்கவே பிடிக்காது. முறைக்கு நாலு எள்ளு போதும், தண்ணீரை நிறைய விடு. முடிந்தபிறகு அங்கே லொட்ஜில் சமைக்கிற மாமியைக் கேட்டு ஒரு திருக்கை மீன் கறி உறைப்பாய்க் காய்ச்சிப் படை, வெறும் பிண்டத்தோடு அவர் எழும்பமாட்டார். நீ வெளிநாடு போகிறாய் என்று வாய்திறந்து சொல், பிறகு இங்கே வந்து உன்னைத் தேடுவார். அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறா என்றும் சொல்.

ஒன்று மட்டும். என் பொட்டை நான் அழிக்கமாட்டேன், கொடியைக் கழற்றமாட்டேன். கட்டினவர் வந்து நின்று, திரும்பக் கட்டுகிறேன் என்று கேட்டால் அப்போது கழற்றிக் கொடுக்கிறேன். அங்கே ஐயர் உன்னை இருத்திவைத்து, தாயார் இருக்கிறாவோ என்று கேட்பார். ஓம் என்று சொல். அமங்கலியோ என்று கேட்பார். இல்லை, சுமங்கலி என்று சொல். தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டு உன்னை ஏற இறங்கப் பார்ப்பார், தகப்பனுக்குக் காரியம், தாய் சுமங்கலி, இது எந்தச் சாத்திரம் என்று கேட்பார். நீ ஒரு விளக்கமும் சொல்லாதே. அவர் கொஞ்ச நேரம் குழம்பட்டும், தம்பி. நீ தண்ணீரை ஊற்று.

அம்மா